வைகறையை அறிவித்தவர்கள்

ரமலான் மாதத்து இரவுகளில் மதீனமா நகரத்தில் இரண்டு பாங்கொலிகள் எழும். முதலாவது ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களுடையது. அதைக் கேட்டு உறங்குவோர் விழித்தெழுவர். இரவுத் தொழுகையில் நிற்போர் அதை முடித்துக்கொண்டு ஸஹர் உணவுக்கு அமர்வர். இரண்டாவது பாங்கு எழுந்ததும் உண்பதும் பருகுவதும் நின்றுவிடும். பிலாலின் பாங்கைக் கேட்டு உணவை நிறுத்த வேண்டுவதில்லை, இரண்டாமவரின் குரல் கேட்கும்வரை உண்ணலாம் என்று அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே அறிவித்திருந்தார்கள். அந்த இரண்டாமவர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். அவர்களது இயற்பெயர் அப்துல்லாஹ் என்று சிலரும் அம்ரு என்று சிலரும் குறிப்பர். அவர்கள் கண்பார்வை அற்றவர்கள்.

வானத்தின் கீழைக்கோடி வெளுப்பதைக் கண்ணால் கண்டன்றோ வைகறையை அறிய வேண்டும்? காணவியலாத ஒருவரிடம் அந்தப் பொறுப்பு எங்ஙனம் ஒப்படைக்கப்பட்டது? இதற்கான விடை இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தொகுப்பிலேயே இருக்கிறது. அருகில் இருப்போர் பொழுது புலர்ந்துவிட்டதாகச் சொன்ன பின்னரே இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்வார்கள் என்று அந்த அறிவிப்பு கூறுகிறது. அஃதாவது, வானத்தை ஒருவர் பார்த்தார். மற்றொருவர் குரல் கொடுத்தார். ஊர் முழுவதும் நோன்பைத் தொடங்கிற்று. வானத்தைப் பார்த்துச் சொன்னவரின் பெயர் அந்த அறிவிப்பில் காணப்படவில்லை. நாள்தோறும் ஒருவரே சொன்னாரா, பள்ளிவாயிலுக்கு முதலில் வந்து சேர்ந்தவர் எவரோ அவர் சொன்னாரா, அதுவும் தெரியவில்லை. துணை பெற்றவர் பெயர் நிலைத்தது. துணை நின்றவர் பெயர் மறைந்தது. ஆயினும் அந்த வைகறை அவ்விருவருடைய சாதனை என்பதில் ஐயமில்லை.

இந்நிகழ்ச்சியை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. இங்கிலாந்து நாட்டில் முதியோர், உடற்குறை உடையோர், மனநலம் குன்றியோர், அறிவு வளர்ச்சியில் பின்தங்கியோர் ஆகியோருக்கு நாள்தோறும் வேண்டிய உதவிகளைச் செய்துதரும் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களைச் சார்ந்தது. வயது வந்தோருக்கான சமூகப் பராமரிப்பு என்று அதற்குப் பெயர். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் அதன் இன்றைய அடித்தளம். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, உணவூட்டுவது, மருந்தை வேளை தவறாமல் கொடுப்பது, கடைக்கும் வேலைக்கும் உடன் செல்வது எல்லாம் இதில் அடங்கும். இங்கிலாந்தில் மட்டும் இத்துறையில் பணிபுரிவோர் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுடைய உழைப்பைப் பாராட்டி ஆண்டுதோறும் ஊர்தோறும் விழாக்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் சிலவற்றில் ஒரு நல்ல மரபு வேரூன்றியிருக்கிறது. பணியாளர் மட்டுமன்றி, பணியைப் பெறுவோரும் அதே மேடையில் தாம் சாதித்தவற்றுக்காகப் பாராட்டப்படுகிறார்கள். பல ஆண்டுகளுக்குப்பின் தனியே பேருந்தில் ஏறிச் சென்று திரும்பியவர், முதன்முதலாகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர், தம்மைப் போன்றவர்களின் குறைகளை மன்றத்தில் எழுந்து பேசியவர் ஆகியோருக்கும் அங்கே கைதட்டல் கிடைக்கிறது.

இதனை மேனாட்டுப் புதுமை என்று வியப்போர் இருக்கக்கூடும். வெறும் விழா ஆரவாரம் என்று ஒதுக்குவோரும் இருக்கக்கூடும். இரண்டாவது கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனா பரவிய வேளையில் பிரிட்டன் மக்கள் பத்து வியாழக்கிழமைகள் இரவு எட்டு மணிக்கு வாயிலில் நின்று மருத்துவப் பணியாளருக்கும் பராமரிப்புப் பணியாளருக்கும் கைதட்டினார்கள். கைதட்டல் நன்று, கூலி உயர்வது எப்போது என்று அப்பணியாளர்களுள் பலர் கேட்டதும் அதே ஆண்டில்தான். நம் நாட்டுப் பெண்மக்களும் அங்கே அப்பணியில் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணிக்கென விசா திறக்கப்பட்டபோது கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் பலர் சென்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் அந்த வழி அடைக்கப்பட்டது. ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத செய்தியன்று.

பொன்னாடையைப் பற்றியும் கைதட்டலைப் பற்றியும் வழக்காடுவதற்கு முன், பணிசெய்வோரையும் பணிபெறுவோரையும் பெருமானார் (ஸல்) அவர்கள் எவ்வாறு சிறப்பித்தார்கள் என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

பெருக்கிய கரங்கள்

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கித் தூய்மை செய்துவந்த கரிய நிறப் பெண்மணி ஒருவர் இருந்தார். உம்மு மிஹ்ஜன் என்று அவரைச் சில அறிவிப்புகள் குறிக்கின்றன. சில நாட்களாக அவரைக் காணாத அண்ணலார் அவர் எங்கே என்று வினவினார்கள். அவர் இறந்துவிட்டார் என்ற விடை வந்தது. எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டார்கள். இது அவ்வளவு பெரிய செய்தியன்று எனத் தோழர்கள் எண்ணிவிட்டதுபோல் இருந்தது என்று அதனை அறிவிப்பவர் குறிக்கிறார். அண்ணலார் அவருடைய கப்ரைக் காட்டச்சொல்லி அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள்.

இந்த நிகழ்ச்சி நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவதே. சொல்லும்போது நாம் வழக்கமாகத் தாண்டிச் சென்றுவிடும் ஒன்று இதில் உண்டு. ஓர் அரசின் தலைவராகவும் ஒரு சமுதாயத்தின் வழிகாட்டியாகவும் இருந்த ஒருவர், பள்ளிவாயிலைப் பெருக்குபவர் வரவில்லை என்பதைத் தாமே கவனித்திருக்கிறார்கள். எவரும் வந்து முறையிட்டதன் பேரில் கேட்கவில்லை. தரையில் துரும்பு கிடந்ததைக் கண்டு கேட்டதாகவும் இல்லை. அந்த ஆள் இல்லை என்பதைக் கண்டே கேட்டார்கள். பணியாளருக்குச் செய்யும் முதல் மரியாதை அவர் வராத நாளில் தேடுவதே என்று இதனை நான் புரிந்துகொள்கிறேன்.

நோயாளரைப் பேணிய பெண்மணி ருஃபைதா (ரலி) அவர்களின் வரலாறும் இத்தகையதே. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, கி.பி. 627இல், அகழ்ப்போரின்போது சஃது இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. ருஃபைதாவின் கூடாரத்தில் அவரைச் சேர்க்குமாறு அண்ணலார் பணித்தார்கள். மருந்து செய்யவும், தம்மைக் கவனிக்க உற்றார் இல்லாதவர்களைப் பேணவும் அந்த அம்மையார் பள்ளிவாயிலை ஒட்டியே கூடாரம் அமைத்திருந்தார். அண்ணலார் காலையும் மாலையும் அவ்வழியே செல்கையில் நோயாளியிடம் நலம் உசாவுவார்கள். இன்று பஹ்ரைனில் செவிலியர் கல்வி பயில்வோருக்கு ருஃபைதாவின் பெயரால் பரிசு ஒன்று வழங்கப்பட்டு வருகிறது. அவர் காலத்தில் அவருக்குக் கிடைத்த பரிசு வேறு. சமுதாயத்தின் பெருந்தலைவர் ஒருவரின் உயிர் அவரை நம்பி ஒப்படைக்கப்பட்டது. தொழுகை நடக்கும் இடத்தின் அருகிலேயே அவருடைய பணிக்கு இடம் தரப்பட்டது.

கேட்டவர், கேட்கப்பட்டவர்

பணிபெறுவோர் பக்கம் வருவோம். இங்கேதான் நாம் மிகுதியாகத் தவறுகிறோம். கண்பார்வை அற்றவர் ஒருவர் நம் வாயிலுக்கு வந்தால் இரக்கம் கொள்கிறோம், உணவளிக்கிறோம், சில்லறை கொடுக்கிறோம். அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுக்க எண்ணுகிறோமா?

இப்னு உம்மி மக்தூம் அவர்களின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் அவர்களுக்கு இரக்கம் காட்டப்பட்ட இடங்களைக் காட்டிலும் பொறுப்பு அளிக்கப்பட்ட இடங்களே மிகுதி. ஹிஜ்ரத்துக்கு முன்பே மதீனாவுக்குச் சென்று அங்குள்ளோருக்குத் திருக்குர்ஆனை ஓதிக் கொடுத்த முதல் இருவருள் ஒருவர் அவர்கள். மற்றவர் முஸ்அப் இப்னு உமைர் (ரலி). பின்னர் அண்ணலார் நகரைவிட்டு வெளியே செல்ல நேர்ந்தபோது மதீனாவில் தொழுகை நடத்தவும் பொறுப்பேற்கவும் பலமுறை நியமிக்கப்பட்டவர் அவர்களே. பதின்மூன்று முறை என்று வரலாற்றாசிரியர் சிலர் கணக்கிடுவர். ஊரிலுள்ள கண்ணுடைய ஆடவர் அனைவரும் அவர்களுக்குப் பின்னே நின்று தொழுதார்கள்.

இதற்கெல்லாம் முன்னர் மக்காவில் நிகழ்ந்த ஒன்றை எல்லாரும் அறிவர். குறைஷித் தலைவர்களுடன் அண்ணலார் பேசிக்கொண்டிருந்த வேளையில் அவர்கள் வந்து மார்க்கம் பற்றி வினவினார்கள். அண்ணலாரின் முகம் சுளித்தது. அதைக் கண்டித்து அபஸ என்னும் எண்பதாம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. முகம் சுளித்ததைக் காணக் கண்ணில்லாதவர் பொருட்டு இறைவன் கண்டித்தான். அக்கண்டனம் உலகம் உள்ளளவும் ஓதப்பட்டு வருகிறது. பிற்காலத்தில் அவர்கள் வரும்போதெல்லாம் அண்ணலார் தனி அன்புடன் வரவேற்றுத் தமது மேலாடையை விரித்து அமரச் செய்ததாக விரிவுரையாளர்கள் எழுதுவர்.

இன்னொரு நிகழ்ச்சி இதனைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. அறப்போருக்குச் செல்வோரும் வீட்டில் தங்கிவிடுவோரும் சமமாகார் என்னும் கருத்துடைய வசனம் (4:95) இறங்கியபோது, அண்ணலார் அதனை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைக் கொண்டு எழுதுவித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த இப்னு உம்மி மக்தூம், என்னால் இயலுமாயின் நானும் சென்றிருப்பேனே, நான் பார்வையற்றவனாயிற்றே என்று முறையிட்டார்கள். உடனே, இயலாமை உடையோர் நீங்கலாக என்னும் விதிவிலக்கு இறங்கி அவ்வசனத்தில் சேர்ந்தது. எவரைக் குறித்த விதியோ, அவரே எழுந்து தம் நிலையைச் சொன்னார். அவர் சொன்னது பொருட்படுத்தப்பட்டது. அவர் சார்பில் வேறொருவர் பேசவில்லை. பரிவுள்ள நம் வீடுகளிலும் இல்லங்களிலும், அவருக்கு என்ன தெரியும், நாமே முடிவு செய்வோம் என்ற பேச்சு எத்துணை எளிதாக வருகிறது!

மனநலம் குன்றியோர் விஷயத்திலும் ஓர் அரிய நிகழ்ச்சி முஸ்லிம் என்னும் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அறிவில் ஏதோ கோளாறு உடைய பெண்மணி ஒருவர் அண்ணலாரிடம் வந்து, தமக்கு அவர்களிடம் ஒரு காரியம் ஆகவேண்டும் என்றார். எந்தத் தெருவில் நிற்க விரும்புகிறாயோ அதனைத் தேர்ந்துகொள், உன் காரியத்தை முடித்துத் தருகிறேன் என்ற கருத்தில் அண்ணலார் விடையளித்தார்கள். அவ்வாறே தெருவோரத்தில் அவருடன் நின்று, அவர் சொல்லவேண்டியதைச் சொல்லித் தீரும்வரை கேட்டார்கள். அவர் என்ன கேட்டார் என்பது பதிவாகவில்லை. தெருவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்குத் தரப்பட்டது என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது.

கலீபாக்களும் மருத்துவமனைகளும்

கண்பார்வை அற்ற ஒருவர், பள்ளிக்குக் கைபிடித்து அழைத்துவர எனக்கு ஆள் இல்லை என்று அண்ணலாரிடம் முறையிட்ட செய்தியும் ஹதீஸில் வருகிறது. அதிலிருந்து கூட்டுத் தொழுகையின் சட்டத்தைச் சட்ட நூலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அஃது இக்கட்டுரையின் பொருளன்று. ஆள் இல்லை என்ற குறையைப் பிற்காலத்து ஆட்சி எவ்வாறு எடுத்துக்கொண்டது என்பதே நமக்கு வேண்டுவது. உமையாக் கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக் (கி.பி. 705-715) தொழுநோயாளருக்கு உதவித்தொகை விதித்து, அவர்கள் பிறரிடம் கையேந்தலாகாது என்று கட்டளையிட்டார், நடக்க இயலாதவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும், பார்வையற்றவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழித்துணையையும் அளித்தார். இமாம் தபரி (ரஹ்) இதனைப் பதிந்துள்ளார். வலீதின் ஆட்சியில் குறை சொல்ல வேறு செய்திகள் நிறைய உண்டு, இதில் குறையில்லை. இம்முறையில் மனிதரைக் கொண்டுபோய் ஓரிடத்தில் அடைக்கவில்லை; துணையை மனிதரிடம் அனுப்பினார்கள்.

பின்னர் எழுந்த மருத்துவமனைகளின் புகழை நாடறியும். திமிஷ்கில் சுல்தான் நூருத்தீன் 1154இல் நிறுவிய மருத்துவமனையில் ஒரு காலத்தில் கலாவூன் என்னும் படைத்தலைவர் வயிற்று நோவுக்குச் சிகிச்சை பெற்றார். நலம் பெற்றதும், தாம் அரசராகும் நாள் வந்தால் இதுபோன்ற ஒன்றைக் கட்டுவதாக நேர்ந்துகொண்டார். அவர் எகிப்தின் சுல்தானாகி 1284இல் கெய்ரோவில் எழுப்பியதே மன்சூரி மருத்துவமனை. பணிபெற்றவர் ஒருவரின் சாதனை என்று இதனையும் கணக்கில் சேர்க்கலாம். அதன் வக்ஃபு ஆவணத்தில் ஆண், பெண் நோயாளர் இருபாலார்க்கும் இடமும், அவரவர்க்குரிய பணியாட்களின் ஊதியமும் வகுக்கப்பட்டிருந்தன. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் அமைத்த மருத்துவமனையில் மனநோயாளருக்கு இசை கேட்கச் செய்தார்கள் என்று 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதியிருக்கிறார். பெருமையைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லவேண்டும். அந்த மருத்துவமனைகளிலும் சங்கிலிகள் இருந்தன என்று அதே பயணியின் எழுத்தே காட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று கட்டடம் எதுவுமன்று, ஒரு நூல். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து 1363இல் மறைந்த ஸலாஹுத்தீன் ஸஃபதீ என்னும் அறிஞர், பார்வையற்ற சான்றோரின் வரலாறுகளை மட்டும் தேடித் திரட்டி நக்துல் ஹிம்யான் என்று ஒரு தனி நூல் செய்தார். அவருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே பஸராவின் பேரறிஞர் ஜாஹிள், உடற்குறை உடைய பெருமக்களைப் பற்றித் தனி நூல் எழுதியிருந்தார். பரிதாபக் கதைகளைத் தொகுப்பது அவர்கள் நோக்கமாக இல்லை. இவர் இன்ன கலையில் வல்லவர், இன்னாரிடம் கற்றார், இன்னாருக்குக் கற்பித்தார் என்று மற்ற அறிஞர்களை எழுதுவதுபோலவே ஸஃபதீ எழுதுகிறார்.

அந்நூலில் வரும் ஒருவர் பக்தாத் நகரத்து ஸைனுத்தீன் ஆமிதீ. பார்வையற்றவர், ஹன்பலி மத்ஹபின் அறிஞர், நூல் வணிகம் செய்துவந்தவர். ஒரு நூலை வாங்கியதும் மெல்லிய தாளைத் திரியாகத் திரித்து, அதனை விலையைக் குறிக்கும் எழுத்தின் வடிவில் வளைத்து, அட்டையின் உட்புறம் ஒட்டி, அதன்மேல் இன்னொரு தாளை ஒட்டிவிடுவார். அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு என்பதை வாசகர் அறிவர். பின்னர் விலை மறந்துபோனால் விரலால் தடவி அறிந்துகொள்வார். பிரான்ஸ் நாட்டில் லூயி பிரெயில் புள்ளி எழுத்தை உருவாக்கியதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது. ஆமிதீக்கு விழா எடுத்தவர் உண்டோ இல்லையோ, அவருடைய திறமையை ஒருவர் எழுதி வைத்ததால் இன்று நாம் அறிகிறோம். அவருக்குத் தாள் வாங்கிவந்து பசை காய்ச்சிக் கொடுத்தவர் யாரோ!

இங்கிலாந்துக்கு ஒருமுறை திரும்புவோம். அங்கும் பணிபெறுவோரின் தலைசிறந்த சாதனை பரிசளிப்பு மேடையில் நிகழவில்லை. இரண்டாம் உலகப்போரின் விமானி லெனர்ட் செஷயர், ஹாம்ப்ஷயர் வட்டாரத்திலுள்ள லெ கோர்ட் என்னும் மாளிகையில் 1948இல் ஆதரவற்ற நோயாளர்க்கு இல்லம் தொடங்கினார். நல்லெண்ணத்தால் எழுந்த இல்லம் அது. ஆயினும் அங்கு வாழ்ந்தோரை எப்போது எழுப்புவது, எப்போது படுக்க வைப்பது என்பனவற்றைப் பிறரே முடிவு செய்துவந்தார்கள். அங்கு வாழ்ந்து வெளியேறிய பால் ஹன்ட், 1972இல் கார்டியன் நாளிதழுக்குக் கடிதம் எழுதி, இல்லங்களில் அடைபட்டோர் ஒன்றுசேர வேண்டுமென்று அழைத்தார். அந்த எழுபதுகளின் இறுதியில் லெ கோர்ட்டில் சக்கர நாற்காலிகளில் இருந்த சிலர் ஒரு கணக்குப் போட்டார்கள். எங்களை இங்கே வைத்திருக்க மன்றம் செலவிடும் தொகையை எங்களிடமே கொடுங்கள். நாங்கள் வெளியே வீடு எடுத்து, உதவியாளரை நாங்களே அமர்த்திக்கொள்கிறோம் என்றார்கள். உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981ஐ இலக்காகக் கொண்டு அதற்குத் திட்டம் 81 என்று பெயரிட்டார்கள். பல ஆண்டு வாதாட்டத்துக்குப்பின் ஜான் இவான்ஸ் முதலியோர் தம் சொந்த வீடுகளுக்குச் சென்றார்கள். உதவித் தொகையை நேரே பயனாளர் கையில் கொடுக்கலாம் என்று பிரிட்டன் நாடாளுமன்றம் 1996இல் சட்டம் செய்தது. துணையை மனிதரிடம் அனுப்பும் பழைய முறைதான். ஆனால் இம்முறை அதனைக் கேட்டுப் பெற்றவர்கள் அவர்களே.

ஏர்வாடியில் ஒரு வைகறை

இவற்றையெல்லாம் எழுதும்போது நம்மூர்ச் செய்தி ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சுல்தான் சையிது இப்ராஹீம் ஷஹீது அவர்களின் தர்காவுக்கு, மனநலம் குன்றியோரைப் பன்னெடுங்காலமாக எல்லாச் சமயத்தாரும் அழைத்துவருகிறார்கள். தர்காவைச் சுற்றித் தனியார் பலர் விடுதிகள் நடத்திவந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் வைகறையில் அத்தகைய விடுதி ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தோர் சங்கிலிகளால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டார்கள். வைகறைத் தொழுகையை ஒட்டிய வேளை அது.

அதன்பின் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன; உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றித் தடை செய்தது. இவை நன்று. ஆனால் அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் தாம் செய்வதறியாது, கையில் இருந்த பணத்தைக் கட்டி, துஆச் செய்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். இறந்தவர்களுள் எவர் நன்றாகப் பாடுவார், எவர் எந்தத் தொழில் கற்றவர், எவர் கணக்கில் புலி என்பதெல்லாம் நாளிதழ்களில் வரவில்லை. எந்தத் தெருவில் நிற்க விரும்புகிறாய் என்று அவர்களை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நம் மஹல்லாக்களில் மீலாது விழாவிலும் மதரஸா ஆண்டு விழாவிலும் பொன்னாடைகள் குறைவின்றிப் போர்த்தப்படுகின்றன. கட்டட நிதி அளித்தவர்க்கு, வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்க்கு, தலைமை தாங்கியவர்க்கு என்று வரிசை நீளும். அதனை வேண்டா என்று நான் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பதினோராண்டு புரட்டிப் படுக்கவைத்த மருமகளின் பெயர் அந்த மேடையில் ஒருநாள் வாசிக்கப்பட்டால் என்ன? பேச்சு வராத நிலையிலும் தையல் இயந்திரத்தில் அமர்ந்து குடும்பத்துக்குச் சோறு போடும் தங்கைக்கு மதரஸாப் பிள்ளைகளின் சீருடையைத் தைக்கும் பொறுப்பைக் கொடுத்தால் என்ன? ஜமாஅத்தின் வரவு செலவுப் பேரேட்டில் வழித்துணை என்று ஒரு தலைப்பு எழுதி, பார்வையற்றவரையும் நடக்க இயலாதவரையும் பள்ளிக்கு அழைத்துவரும் இளைஞருக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்தால் என்ன? கலீபா வலீத் அரசு நிதியிலிருந்து செய்ததை வக்ஃபு நிலத்தின் வருவாயிலிருந்து செய்ய வழியுண்டா என்று பார்க்கலாமே.

இதனை இவ்வளவு வற்புறுத்துவதற்கு என் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் இளமையில் எங்கள் ஊரில் பார்வையற்ற ஹாபிஸ் ஒருவர் இருந்தார். ரமலானில் தராவீஹ் தொழுகையில் இமாமுக்கு நேர் பின்னே நிற்பார். இமாம் ஒரு சொல் தடுமாறினால் அடுத்த நொடியே எடுத்துக்கொடுப்பார். சொல் பிசகினால் போதும், அவர் மூச்சிழுப்பது எங்கள் காதில் விழும். அவரைக் கைபிடித்து அழைத்துவருபவன் அவருடைய சகோதரியின் மகன். மாமூ, படி இருக்கு, மாமூ, தண்ணி கிடக்கு என்று சொல்லிக்கொண்டே வருவான். தொழுகை முடியும்வரை அவருடைய மிதியடியைக் காத்துக்கொண்டு கடைசி வரிசையில் நிற்பான். அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. மாமூவின் பையன் என்றே ஊர் அவனை அழைத்தது.

பையன் வளர்ந்து சவூதிக்கு வேலைக்குப் போனான். ஹாபிஸ் பள்ளிக்கு வருவது நின்றது. முதல் ரமலானில், அவருக்கு உடல்நலமில்லை போலும் என்றோம். இரண்டாவது ரமலானில் வேறு ஹாபிஸ் வந்துவிட்டார். தராவீஹ் குறையின்றி நடந்தது. நான்காம் ஆண்டு அவர் இறந்தபோது ஜனாஸாவில் ஊர் திரண்டது. அவருடைய நினைவாற்றலைப் பற்றிப் பெரியவர்கள் வெகுநேரம் பேசினார்கள். அந்த நான்கு ஆண்டுகளும் அவர் ஐவேளைப் பாங்கையும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்ததாக அவருடைய சகோதரி என் உம்மாவிடம் சொன்னார்.

அவருடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. பள்ளிக்குப் போகும் வழியில் இருந்தது.